எங்கம்மா குந்திய நாற்காலி

பென்ஷன் வாங்குகிற சகாக்களே, இன்றைக்கு நான் பெருமையடித்துக்கொள்ளப் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன். தன்னடக்கம் பிடித்தவர்கள் எழுந்துபோய் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம். உங்களில் ஒருவருடைய அப்பா தாசில்தார், இன்னொருவருடைய தாத்தா குதிரை வண்டி வைத்திருந்தார். அதையெல்லாம் எத்தனையோ சாயங்காலம் நான் தலையாட்டிக் கேட்டிருக்கிறேன். இப்போது என் முறை. எங்கம்மா ஒருநாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் கதை.

சிரிக்கிறீர்கள், தெரியும். அப்போதும் சிரித்தார்கள்.

நான் தேர்டு ஃபாரம், அதாவது எட்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. ஊர் தனி, காலனி தனி, நடுவே வயல். நாங்கள் காலனி. ஏரிக்குக் கீழே இருந்த நல்ல நிலமெல்லாம் பிரசிடென்ட்டுடையது. பஞ்சாயத்து பிரசிடென்ட்டைத்தான் சொல்கிறேன், பெரிய பிரசிடென்ட்டை அல்ல. அவர் நிலத்தில் அப்பா ஏர் ஓட்டினார், அம்மா நடவு நட்டாள், களை எடுத்தாள், அறுத்தாள். பிரசிடென்ட்டின் மகனும் நானும் உத்திரமேரூர் ஹைஸ்கூலில் ஒரே வகுப்பு. அவன் சைக்கிளில் வருவான். நான் ஏரிக்கரை மேல் நடந்து வருவேன். என்னைத் தாண்டும்போது வேண்டுமென்றே மணி அடிப்பான். நான் ஒதுங்க மாட்டேன். அவன்தான் சேற்றில் இறக்கி ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

இங்கிலீஷ் வாத்தியார் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். எப்போதும் வாயில் ஒரு கிராம்பை அடக்கி வைத்திருப்பார். நோட்டுத் திருத்தக் குனிந்தால் கிராம்பு வாசனையும் பஸ் பெட்ரோல் வாசனையும் கலந்து வரும். அவர் சட்டைப் பையில் ஒரு பென்சில், ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். தப்புக்குச் சிவப்பு, சரிக்கு நீலம். என் நோட்டையும் மற்றவர்கள் நோட்டையும் ஒரே மாதிரி வாங்கி ஒரே மாதிரி கொடுப்பார். இதிலென்ன விசேஷம் என்று கேட்பவர்கள் அந்தக் காலத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்த வருஷம் காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் ஒருநாள், வகுப்பையே கூட்டிக்கொண்டு போய்க் கோயில் கல்வெட்டு மண்டபத்தைக் காட்டினார். உத்திரமேரூர்க்காரர்களுக்கு அது தினமும் தாண்டிப் போகிற சுவர்தான். எழுத்தெல்லாம் சுவரின் வெளிப்புறத்தில் இருந்ததால் என்னை எங்கே நிறுத்துவது என்ற சங்கடம் யாருக்கும் வரவில்லை. வெயிலில் கல் கொதித்தது. எழுத்துகளின் பள்ளத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. சோழர் காலத்தில் இந்தச் சபைக்கு யார் யார் மெம்பராகலாம் என்று அதில் எழுதியிருப்பதை வாத்தியார் எடுத்துச் சொன்னார். சொந்த நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். படித்திருக்க வேண்டும். பிறகு பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பார்கள். ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, பிரசிடென்ட் மகன் பக்கத்துப் பையனைப் பார்த்து, எங்க நைனாவுக்கு எல்லாம் கீது என்று கிசுகிசுத்தான். நானும் மனசுக்குள் சரிபார்த்தேன். எங்கப்பாவுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. எங்கம்மாவைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை.

அப்போதுதான் அந்த இரண்டு வார்த்தைகளும் வந்தன. யாரோ ஒரு பையன் இந்தச் சுவர் ஹிஸ்டாரிக்கா ஹிஸ்டாரிகலா சார் என்று கேட்டான். வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். பழங்காலத்தைச் சேர்ந்தது, பழங்காலத்தைப் பற்றியது எதுவானாலும் ஹிஸ்டாரிகல். ஏரியில் கிடைக்கிற உடைந்த பானை ஓடுகூட ஹிஸ்டாரிகல்தான் என்றார். ஹிஸ்டாரிக் என்பது வேறு. அது இன்று காலையில் நடந்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் அது நடந்துவிட்டால், அதற்கு முன்னால் இருந்த மாதிரி இனிமேல் இருக்க முடியாது. "முன்னே ஒரு மாதிரி, பின்னே ஒரு மாதிரி. அப்படி இருந்தா அது ஹிஸ்டாரிக். இதை வெச்சு உரசிப் பாருங்க, தெரிஞ்சுபோகும்" என்றார்.

அதே பையன் விடவில்லை. இப்ப நம்ம பக்கம் ஹிஸ்டாரிக்கா எதனா நடக்குதா சார் என்றான். வாத்தியார் சிரித்தார். அதெல்லாம் சோழ ராஜாவோடு முடிந்துவிட்டது, இப்போது நம் பக்கம் நடக்கிறது பஸ்ஸும் பரீட்சையும்தான் என்றார். நல்ல மனுஷர், நிறையப் படித்தவர். ஆனால் இதில் மட்டும் அவர் கணக்கு தப்பு. லீவு முடிந்து வரும்போது இரண்டு வார்த்தைக்கும் ஒவ்வொரு வாக்கியம், சொந்தமாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பார்த்ததையெல்லாம் உரசிப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கப்பா மீசையை எடுத்தார். முன்னே ஒரு மாதிரி, பின்னே ஒரு மாதிரிதான், ஆனால் பத்து நாளில் வளர்ந்துவிட்டது, ஆகவே ஹிஸ்டாரிக் இல்லை. எங்கள் ஆடு டூரிங் டாக்கீஸ் போஸ்டரைத் தின்றது. ஆடும் மாறவில்லை, படமும் நிற்கவில்லை. ஊருக்குள் கரண்டு வந்திருந்தது, அது ஹிஸ்டாரிக். காலனிக்கு வரவில்லை, அது ஹிஸ்டாரிகல், ஏனென்றால் அது பழங்கால வழக்கம். இந்தக் கடைசியை எழுதலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, இந்தப் பொண்ணு பரீட்சைக்குப் படிச்சுப் படிச்சு மறை கழண்டுடுச்சு என்று அப்பாவிடம் சொன்னாள்.

இனி அம்மா கதைக்கு வருகிறேன். புதுப் பஞ்சாயத்து அமைத்தபோது, மெம்பர்களில் ஒரு பொம்பளை கட்டாயம் இருக்க வேண்டும், காலனி ஆள் ஒருவரும் இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரே தர்மசங்கடம். தங்கள் வீட்டுப் பெண்களை ஆம்பளைகள் நடுவே கொண்டுவந்து உட்கார வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் எங்கம்மா பேரைப் போட்டார்கள். காலனி ஆளும் ஆச்சு, பொம்பளையும் ஆச்சு. அதோடு, காலனிப் பொம்பளை என்றால் கூட்டத்துக்கு வர மாட்டாள், நாற்காலியும் கேட்க மாட்டாள் என்று நினைத்தார்கள். வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் பண்ணிய ஏற்பாடு அது. அவர்கள் வீட்டுப் பெண்களில் ஒருத்தியைப் போட்டிருந்தால் அவர்களுக்குத் தொந்தரவே இருந்திருக்காது.

அப்போது பஞ்சாயத்துக் கூட்டம் நடக்கிற விதமே வேறு. கூட்டம் நடக்காது. கிளார்க் தீர்மானத்தை எழுதிக்கொண்டு, நோட்டை அக்குளில் இடுக்கி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவார். லீவு விட்ட முதல் வாரம் காலனி முனைக்கு வந்து நின்று அம்மாவைக் கூப்பிட்டார். உள்ளே வர மாட்டார். அம்மா போனாள், நானும் பின்னால் போனேன். விரலில் மையைத் தடவி இங்கே வை என்றார்.

அம்மா கையை நீட்டவில்லை. இன்னா எழுதிக்கீது என்று கேட்டாள். கிளார்க்குக்கு அப்படி ஒரு கேள்வி புதிது. குடிதண்ணீர்க் கிணறு ஒன்று வடக்குத் தெருவில் வெட்டுவதென்று தீர்மானம், மெம்பர்கள் எல்லாரும் ஆஜர் என்று படித்துக் காட்டினார். ஊரில் ஏற்கெனவே இரண்டு கிணறு இருந்தது. எங்களுக்கு ஒன்றும் இல்லை. பிரசிடென்ட் நிலத்துக் கவலைக் கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற நேரம் பார்த்துப்போய், வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து வருவோம். இறைக்காத நாளில் ஏரித் தண்ணீர்.

"ஆஜர்னா இன்னா?" என்று கேட்டாள் அம்மா.

"கூட்டத்துல குந்திக்கினு இருந்தன்னு அர்த்தம்."

"நான் குந்தலயே. குந்த வெச்சு அப்பறமா கேளு, வெக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

பொம்பளை மெம்பர் கைநாட்டு இல்லாமல் தீர்மானத்தை அனுப்பினால் மேலே திருப்பிவிடுவார்களாம். கிளார்க் நேராக பிரசிடென்ட்டிடம் போனார். பிரசிடென்ட் அப்பாவைக் கூப்பிட்டு விட்டார். திட்டவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவர் மனசில் பட்டதைத்தான் சொன்னார். பொம்பளை எதற்கு வேலை வெட்டியை விட்டு வந்து அலைய வேண்டும், மரியாதையாக வீட்டாண்ட நோட்டை அனுப்புகிறேன், எதுக்கு இந்த பேஜாரெல்லாம் என்றாராம். நோட்டு அனுப்புவது மரியாதை என்று அவர் நிஜமாகவே நம்பினார். அவருடைய வயது வந்த பிறகு எனக்கு இது புரிகிறது. அப்போது கோபம்தான் வந்தது.

அப்பா வீட்டுக்கு வந்தவர் சட்டியில் இருந்த கூழைத் தொடவில்லை. ஆண்ட மூஞ்சியில் முழிக்க முடியவில்லை என்றார். எங்கள் பக்கம் நிலக்காரரை ஆண்ட என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு மேல் அவர் கேட்டதுதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"நம்ம வூட்ல நாக்காலி கீதா மே? இல்லாதத்துல குந்தணும்னு ஒனக்கு இன்னாத்துக்கு ஆச?"

"ஆசன்னு நான் சொன்னனா?" என்றாள் அம்மா. "மெம்பருன்னு நானா போய்க் கேட்டேன்? அவங்கதான சொன்னாங்கோ. சொன்னா குந்த வெக்கணும்."

மறுநாள் பிரசிடென்ட் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அம்மா நடவுக்கு வர வேண்டாம், மற்றவர்கள் வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். புரட்டாசியில் நடவு போனால் அப்புறம் அறுப்பு வரைக்கும் எங்கள் வீட்டில் நெல் கிடையாது. அம்மா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள்.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், டவுனில் பிறந்தவர்களே. எங்கள் பக்கம் நடவு என்றால் கண்டபடி இறங்கி நட்டுவிட முடியாது. கூட்டத்துக்கு ஒருத்தி முதலில் சேற்றில் கால் வைத்து, கிழக்கே பார்த்து, முதல் நாற்றை நட வேண்டும். கைராசிக்காரி என்று பெயர். அவள் நட்ட பிறகுதான் மற்ற கால்கள் இறங்கும். பிரசிடென்ட் நிலத்துக்கு எங்கம்மாதான் கைராசிக்காரி. பிரசிடென்ட்டின் அப்பாவே அவளைத் தேர்ந்தெடுத்து வைத்தது. அவள் கை பட்ட வருஷத்திலிருந்து அந்த நிலம் பொய்த்ததில்லை என்று ஊரே சொல்லும், முதலில் சொல்கிறவர் பிரசிடென்ட்.

நடவு தொடங்குகிற அன்றைக்கு நானும் சித்தியோடு போயிருந்தேன், நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டை, வீசுகிற வேலைக்கு. சித்தி என்றால் அம்மாவின் தங்கை, அதே கூட்டத்து ஆள். சேறாக உழுது சேடை ஓட்டிய வயலில் தண்ணீர் பளபளவென்று நின்றது. நாற்று முடிகள் அங்கங்கே கிடந்தன. பச்சை நாற்றும் புதுச் சேறும் சேர்ந்த வாசனை, அதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷிலும் வார்த்தை இல்லை, தமிழிலும் இல்லை. பெண்கள் எல்லாரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பின்மேல் வரிசையாக நின்றார்கள். நின்றார்களே தவிர ஒருத்தியும் இறங்கவில்லை. யாரும் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். இறங்கக் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

பிரசிடென்ட் குடையோடு வந்தார். சித்தியைப் பார்த்து, நீ மொத நாத்த நடு என்றார்.

சித்தி கைகட்டி நின்றபடியே சொன்னாள். "அக்கா காலு வெக்காத சேத்துல நான் எப்டி ஆண்ட வெக்கறது? நாளிக்கு பயிரு நிக்கலன்னா நீங்களே என்னத்தான கேப்பீங்கோ?"

பிரசிடென்ட்டுக்கும் அதே பயம். வேறொருத்தி கையால் தன் நிலத்தில் முதல் நாற்றை வைக்க அவருக்கே மனம் ஒப்பவில்லை. அவர் அம்மாவை விலக்கியபோது கூட்டத்து ஆள் ஒருத்தியை விலக்குவதாக நினைத்தாரே ஒழிய, கைராசியை விலக்குகிறோம் என்று நினைக்கவில்லை. குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு உச்சிவேளை வரை நின்றார். பெண்களும் நின்றார்கள். பிறகு எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அடுத்த நாளும் அதே கதை. பிடுங்கிப் போட்ட நாற்று பழுக்க ஆரம்பித்தது. நாற்றங்காலில் இருந்ததும் முற்றிக்கொண்டே போனது. முற்றின நாற்றை நட்டால் தூர் கட்டாது, வெறும் வைக்கோல்தான் மிஞ்சும். பிரசிடென்ட் சம்சாரம் கொல்லைப்பக்கம் வந்து, அந்தப் பொண்ணு கை வெக்காம நெலத்துல யாரும் எறங்க வாணாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள் என்று சாணி அள்ளப் போன பெண்கள் வந்து சொன்னார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டுக் கூழ் கரைக்க உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்தச் சத்தமே வேறு மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை கிளார்க் மறுபடி வந்தார். இந்தத் தடவை காலனிக்குள் எங்கள் வாசல் வரைக்கும் வந்தார். சனிக்கிழமை காலையில் பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம், மெம்பரம்மா வரணும் என்றார். மெம்பரம்மா என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அவர் போனதும் அப்பா, போகாதே, கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்துவார்கள் என்று கெஞ்சினார். அம்மா கேட்கவில்லை. கட்டம் போட்ட கைத்தறிப் புடவையை மடிப்பெடுத்துக் கட்டினாள். வாய்க்காலில் குதிகால் சேறு போகத் தேய்த்துக் கழுவினாள். என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டாள்.

ஆபீஸ் என்பது ஊர்ச் சாவடியை ஒட்டி ஒரு அறை. மடக்கு நாற்காலிகள், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவை, இத்தனை மாதமும் சணல் கயிற்றால் கட்டியே கிடந்தவை, அன்றைக்குத்தான் அவிழ்த்திருந்தார்கள். அறை முழுக்க வார்னிஷ் வாசனை. ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் வெள்ளை பெயின்ட்டில் பஞ்சாயத்தின் பெயர். ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில், தரையில், ஒரு பாய் விரித்திருந்தது. கிழிந்த பாய் இல்லை. புத்தம் புதுக் கோரைப்பாய், கரையில் சிவப்புக் கோடு போட்டது. மெம்பரம்மாவுக்குன்னு புதுசா வாங்கினது என்றார் கிளார்க். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

நான் வாசற்படிக்கு வெளியே நின்றேன். அம்மா பாயில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாலும் பழையபடிதான். அவள் பாயைப் பார்த்தாள். அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய், சுவரோரம் மடக்கிச் சாய்த்து வைத்திருந்த நாற்காலி ஒன்றைக் கையில் எடுத்தாள்.

அவளுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றைத் தொட்டதில்லை. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். ஒருவரும் எழுந்து வரவில்லை. எனக்கு ஸ்கூலில் பிரித்துப் பழக்கம், உள்ளே போகக் காலெடுத்தேன், கிளார்க் கையைக் குறுக்கே வைத்துவிட்டார். அம்மா நாற்காலியைத் தரையில் நிறுத்தி, மூட்டைத் தடவிப் பார்த்து, ஒரு இழு இழுத்தாள். டக்கென்று பிரிந்தது. கட்டைவிரல் மாட்டிக்கொண்டது, ரத்தம் கட்டியதைப் பிறகு பார்த்தேன். அங்கே அவள் முகம் அசையவில்லை. மற்ற நாற்காலிகளின் வரிசையிலேயே அதைப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் பொறுத்து, நன்றாகப் பின்னால் தள்ளிச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்த ஒரு மெம்பர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பிரசிடென்ட் ஜன்னல் வழியாகத் தன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளார்க்கைப் பார்த்து, படிய்யா என்றார்.

வடக்குத் தெருக் கிணற்றுத் தீர்மானத்தைக் கிளார்க் படித்தார். அம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "ஊர்ல ரெண்டு கெணறு கீது, காலனில ஒண்ணுகூட இல்ல, காலனில வெட்டறதா எழுது, வெக்கறேன்." அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதத்தை நான் சொல்லப் போவதில்லை. அம்மா அங்கே இல்லாத மாதிரியே அவளைப் பற்றிப் பேசினார்கள். அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, பேசுகிறவர் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. ஏரிக்குக் கீழே நாற்று முற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் பிரசிடென்ட், எழுதித் தொலை என்றார். கிளார்க் அடித்துவிட்டு எழுதினார். எழுதியதை அம்மா இன்னொரு தபா படிக்கச் சொன்னாள். பிறகு மடக்கிய விரலைப் பிரித்து, மையில் தோய்த்து, அழுத்தி வைத்தாள். கைநாட்டுக்காக அவள் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. நாலு பேர் கையெழுத்து ஒரே மாதிரி இருக்கலாம், இது என்னிதுதான் என்பாள்.

அன்று மத்தியானமே வயலுக்குப் போனோம். அம்மா சேற்றில் இறங்கி, கிழக்கே பார்த்து, ரத்தம் கட்டிய விரலால் முதல் நாற்றை நட்டாள். வரப்பிலிருந்து பெண்கள் திபுதிபுவென்று இறங்கினார்கள். பிரசிடென்ட் குடைக்குக் கீழே நின்றார். வழக்கமாக, ஏ பொண்ணு, அந்த மூலைய வுட்டுட்ட பாரு என்று கத்துவார். அன்றைக்கும் மூலையைக் கைகாட்டினார். ஆனால் அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூப்பிடாமலே விட்டுவிட்டார். நான் நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். முன்னே ஒரு மாதிரி, பின்னே ஒரு மாதிரி. எனக்கு வாக்கியம் கிடைத்துவிட்டது.

அந்த நாற்காலி இப்போது இல்லை. வேலைக்குப் போன பிறகு ஒருமுறை விசாரித்தேன். பழசெல்லாம் கழித்து ஏலம் விட்டாச்சு என்றார்கள். எந்த டீக்கடையில் யாரைச் சுமந்துகொண்டிருந்து உடைந்ததோ. நான் இங்கிலீஷ் டீச்சராகி ரிடையர் ஆகும் வரை, இந்த இரண்டு வார்த்தையையும் நடத்தும்போதெல்லாம் அந்த நாற்காலிக் கதையைத்தான் வகுப்பில் சொல்வேன். என்னிடம் படித்த பிள்ளைகள் யாரும் அந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை. இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

சரி, லீவு முடிந்து ஸ்கூல் திறந்த திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஹிஸ்டாரிகலுக்குக் கல்வெட்டுச் சுவரை எழுதியிருந்தேன், வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் எழுதியிருந்தார்கள். ஹிஸ்டாரிக்குக்கு, என் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தது ஒரு ஹிஸ்டாரிக் சம்பவம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். வாத்தியார் படித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். சிவப்பு முனையைத் திருப்பி வாக்கியத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோபமில்லாமல்தான் சொன்னார். நாற்காலியில் உட்காருவது தினமும் நடக்கிற காரியம்மா, இப்போது நான்கூடத்தான் உட்கார்ந்திருக்கிறேன், நான் ஹிஸ்டாரிக்கா என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

எழுந்து சொல்லலாம். என்ன சொல்வது? பாய், வார்னிஷ், மடக்கிய விரல், இதையெல்லாம் சிரிக்கிற வகுப்பில் எப்படிச் சொல்வது? நோட்டை வாங்கக் கையை நீட்டினேன்.

அப்போது பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. பிரசிடென்ட் மகன் எழுந்து நின்றான். அவனை யாரும் எழுப்பவில்லை.

"சார், அது எங்க ஊர்ல நடந்துது சார். எங்க நைனா அன்னிலேருந்து செரியா துன்னல சார். ஊட்ல அதே பேச்சா கீது. இனிமேட்டு மாசாமாசம் நெஜமாவே கூட்டம் போடணுமாம் சார்."

வகுப்பில் சிரிப்பு நின்றது. அவன் அதைப் புகாராகச் சொன்னானா, சாட்சியாகச் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்லிவிட்டுக் காதுவரை சிவந்துபோய் உட்கார்ந்தான். வாத்தியார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எந்த ஊர், எந்த நாற்காலி, யார் என்று என்னிடம் மெதுவாக விசாரித்தார். நான் சொன்னேன். கிராம்பை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு பென்சிலைத் திருப்பி நீல முனையால், அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே, பெரிதாக ஒரு சரி போட்டார்.

சாயங்காலம் ஏரிக்கரை மேல் ஓட்டமும் நடையுமாக வந்தேன். பின்னால் வந்த சைக்கிள் மணி அடிக்காமல் தாண்டிப் போனது. அம்மா வாசலில் புழுங்கல் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நோட்டைப் பிரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பிரசிடென்ட் சரியாகச் சாப்பிடவில்லை என்றதும், அய்யோ பாவம், நாளிக்கு நடவுல பாத்தா துன்னச் சொல்றேன் என்றாள். பிறகு அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செவுத்துல எழுதிக்கிறாங்கன்னியே, அவங்கெல்லாம் எதுல குந்தினாங்களாம்?"

"அத எழுதலம்மா."

"நான் குந்தினத நீ எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"வாத்தியாரு செரின்ட்டாரா?"

"செரின்ட்டாரு."

"அப்ப செரி" என்றாள் அம்மா. "கொடத்த எடுத்துக்கினு போ. கெணறு வெட்ற வரிக்கும் தண்ணி நாமதான் தூக்கணும்."